மானியம் இருக்கட்டும், பகலில் எத்தனை யூனிட் செலவாகிறது?

கேள்வி: ஐயா, பணி ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. சொந்த வீடு, மொட்டை மாடி சும்மா கிடக்கிறது. கூரை சோலாருக்கு அரசு மானியம் தருகிறது, மிச்ச மின்சாரத்தையும் வாங்கிக்கொள்கிறது என்று ஒரு கம்பெனிக்காரர் வந்து பேசினார். எங்கள் வீட்டுக்கு 3 கிலோவாட் போதுமாம். ஆனால் 6 கிலோவாட் போட்டால் மாதாமாதம் வருமானம் வரும் என்கிறார். இந்த மாதத்துக்குள் கையெழுத்துப் போட்டால்தான் சலுகை கிடைக்கும் என்றும் சொன்னார். மகன் 'உடனே போடுங்கப்பா' என்கிறான். மைத்துனரோ, 'அரசாங்கம் இன்னைக்குக் கொடுக்கும், நாளைக்கு மாத்தும். அதோட, உங்களுக்குக் கொடுக்குற காசு அடுத்தவங்க பில்லுல இருந்துதான் வருது' என்கிறார். பேனல் விலை இன்னும் இறங்கும், பொறுத்துப் பார்க்கலாம் என்று எனக்கே ஒரு எண்ணம். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்:

அன்புள்ள ஐயா,

நாட்டின் பெயரை நீங்கள் எழுதவில்லை, திட்டத்தின் பெயரும் இல்லை. இருந்தாலும் பதில் சொல்லிவிடலாம். மின்கணக்கு ஆலோசகனாக உட்கார்ந்த நாளிலிருந்து இதே கடிதம்தான் ஊர் மாறி ஊர் மாறி என் மேசைக்கு வருகிறது. அந்தக் கம்பெனிக்காரரும் மகனும் மைத்துனரும்கூட அநேகமாக அப்படியேதான் இருப்பார்கள்.

அரசு தரும் சலுகையை நான் இரண்டாகப் பிரித்துப் பார்ப்பேன். ஒன்று கையில் கொடுப்பது, மற்றது வாயால் கொடுப்பது. மானியம், வரிக்கழிவு, குறைந்த வட்டிக் கடன் எல்லாம் கையில் கொடுப்பவை. வாங்கியபின் அந்தச் சலுகையைத் திரும்பக் கேட்க மாட்டார்கள். நீங்கள் வெளியே அனுப்பும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் இன்ன கணக்கில் வரவு வைப்போம் என்பது வாயால் கொடுப்பது. கொட்டேஷனில் முதலாவதைத்தான் பெரிய எழுத்தில் போடுவார்கள். பேனல் 25 வருடம் உழைக்கும். அத்தனை வருடமும் உங்கள் பில்லைத் தீர்மானிக்கப் போவது இரண்டாவது. மைத்துனரின் பயமும் இரண்டாவதைப் பற்றியதுதான்.

கையில் கொடுப்பதை முதலில் முடித்துவிடுவோம். அது எந்த உருவத்தில் வருகிறது என்று கேளுங்கள். அமெரிக்காவில் பல வருடம் செலவில் 30 சதவீதம் சலுகை இருந்தது, 2025 டிசம்பர் 31-ஓடு முடிந்தது. ஆனால் அது ரொக்கமில்லை, கட்டவேண்டிய வருமான வரியில் கழிவு. வரியே கட்டாத ஓய்வூதியக்காரருக்கு அது வழுக்கைத் தலைக்குக் கொடுத்த சீப்பு. ஆஸ்திரேலியாவில் பேனல் போடும்போதே, 2030 வரை அது தயாரிக்கப்போகும் மின்சாரத்தைக் கணக்கிட்டு, விற்றுப் பணமாக்கக்கூடிய சான்றிதழை மொத்தமாகத் தருகிறார்கள். பெரும்பாலும் அதை விற்பனையாளரே வாங்கிக்கொண்டு விலையில் கழித்துவிடுவார். 2030 நெருங்க நெருங்க சான்றிதழின் எண்ணிக்கை வருடா வருடம் குறையும். இந்தியாவில் 2024 பிப்ரவரியில் தொடங்கிய, 1 கோடி வீடுகளை இலக்காக வைத்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில், அரசு நிர்ணயித்த அடிப்படைச் செலவில் முதல் 2 கிலோவாட்டுக்கு 60 சதவீதம், அடுத்த 1 கிலோவாட்டுக்கு 40 சதவீதம் மானியம். 3 கிலோவாட்டுக்கு மேல் எவ்வளவு போட்டாலும் மானியம் ஏறாது. பணமும் எல்லா வேலையும் முடிந்து, மீட்டர் மாட்டி, அதிகாரி பார்த்த பிறகுதான் வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்கு வரும். அதுவரை முழுத் தொகைக்கும் நீங்கள்தான் வழி பார்க்க வேண்டும்.

அந்த 3 கிலோவாட் வரம்பைக் கொஞ்சம் கவனியுங்கள். வீட்டுக்கு வேண்டிய அளவுக்கு நாங்கள் துணை நிற்கிறோம், அதற்கு மேல் வியாபாரம் செய்ய நினைத்தால் அது உங்கள் பாடு என்று கொள்கை வகுத்தவர்களே சொல்லும் இடம் அது. உங்களிடம் வந்தவர் 6 கிலோவாட் என்கிறாரே, அங்கே உங்கள் ஊர் மானியம் எந்த அளவில் நிற்கிறது என்று பாருங்கள். பாதிக்கு மேல் அது முழுக்க உங்கள் சொந்தப் பணமாக இருக்கலாம்.

இப்போது வாயால் கொடுப்பது. இதைக் கணக்குப் போட்டால்தான் புரியும்.

வீட்டில் ஒரு நாளைக்கு 10 யூனிட் செலவு என்று வையுங்கள். அதில் பகலில் 4, மாலைக்கு மேல் 6. நல்ல வெயில் உள்ள இடத்தில் 1 கிலோவாட் பேனல் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். 3 கிலோவாட்டுக்கு 12 யூனிட். பகலில் 4 யூனிட் வீட்டிலேயே செலவாகிவிடும், மிச்சம் 8 வெளியே போகும். இரவில் 6 யூனிட் வெளியிலிருந்து வரும்.

நெட் மீட்டரிங் உள்ள ஊரில் ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட் கழியும். 8 அனுப்பி 6 எடுத்தீர்கள், 2 உங்கள் கணக்கில் வரவு. யூனிட்டுக்குக் கட்டணம் ஒன்றுமில்லை. நெட் பில்லிங் என்றால் கதை வேறு. நீங்கள் வாங்கும் விலை ஒன்று, அவர்கள் உங்களிடம் வாங்கும் விலை வேறொன்று. அவர்கள் விலை உங்கள் விலையில் கால் பங்கு என்று வைத்தால், நீங்கள் அனுப்பிய 8 யூனிட்டின் மதிப்பு 2 யூனிட்தான். எடுத்த 6-இல் அது போக 4 யூனிட்டுக்குப் பணம் கட்ட வேண்டும். மூன்றாவதாக கிராஸ் மீட்டரிங் என்று ஒன்று உண்டு. தயாரிக்கும் 12-ம் நேரே வெளியே போய்விடும், வீட்டுக்கு வேண்டிய 10-ம் வெளியிலிருந்தே வரும். இதில் அவர்கள் கொடுக்கும் விலை நீங்கள் கொடுப்பதைவிடக் கூடுதலாக இருந்தால் லாபம். அதே கால் பங்கு என்றால் 12 யூனிட் அனுப்பி 3 யூனிட்டின் மதிப்பு வாங்கிக்கொண்டு 7 யூனிட்டுக்குப் பணம் கட்டுவீர்கள். மாடி, பேனல், வெயில் எதுவும் மாறவில்லை. மீட்டர் கணக்கு மட்டும் மாறியதில் பில் பூஜ்யத்திலிருந்து 7 யூனிட் வரை போகிறது.

அதே வீட்டில் மோட்டார், துணி துவைக்கும் இயந்திரம், இஸ்திரிப் பெட்டி மூன்றையும் பகலுக்கு மாற்றி 3 யூனிட்டை இரவிலிருந்து இந்தப் பக்கம் கொண்டுவந்தால்? நெட் பில்லிங்கில் 7 யூனிட் நேரடியாகச் செலவாகும், 5 வெளியே போகும், 3 உள்ளே வரும். கட்ட வேண்டியது 4-இலிருந்து ஒன்றே முக்கால் யூனிட்டாக இறங்கிவிடும். நெட் மீட்டரிங்கில் இப்படி மாற்றுவதால் ஒரு பைசாவும் மிச்சமில்லை. அதனால்தான் நெட் மீட்டரிங் மனிதரைச் சோம்பேறியாக்கும் என்று நான் சொல்வது. பின்னால் கணக்கு மாறும்போது தவிப்பவர்களும் அவர்கள்தான்.

ஒருமுறை ஒரு அம்மா போனைக் கையில் பிடித்துக்கொண்டு கோபமாக வந்தார். 'பாருங்க, ஆப்பில இன்னைக்கு 14 யூனிட்டுன்னு போட்டிருக்கு. பில்லுல 9-க்குத்தான் வரவு வச்சிருக்காங்க. மிச்ச அஞ்சு யாரு எடுத்தா?' யாரும் எடுக்கவில்லை. ஆப் காட்டுவது, பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் வழியாக வந்த மொத்தம். தெருக்கம்பிக்குப் போவதைத்தான் மீட்டர் எண்ணும். நடுவில் காணாமல் போன 5 யூனிட்டை அவர் வீட்டு ஃபிரிட்ஜும் மின்விசிறியும் மீட்டரைத் தொடாமலேயே செலவழித்திருந்தன. 'அப்ப அது நஷ்டமில்லையா?' என்றார். அந்த ஊரில் வெளியே போகும் யூனிட்டுக்கு அற்ப விலை. எனவே அந்த ஐந்துதான் அவர் கூரையிலேயே அதிக மதிப்புள்ள ஐந்து என்று விளக்க அரை மணி நேரம் பிடித்தது.

சரி, அரசு மாற்றுமா? மாற்றும். பல இடங்களில் மாற்றியிருக்கிறார்கள். ஆனால் எல்லா மாற்றமும் ஒரே மாதிரி இல்லை, இங்கேதான் மைத்துனர் கொஞ்சம் அவசரப்படுகிறார்.

ஜெர்மனி 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒவ்வொரு கூரைக்கும் 20 வருடத்துக்கு ஒரே விலை என்று எழுதிக் கொடுத்தது. பின்னால் வருகிறவர்களுக்கு விலையைக் குறைத்துக்கொண்டே போனார்கள், ஆனால் முதலில் வந்தவர்களுக்குச் சொன்ன வாக்கு நின்றது. கலிபோர்னியா 2023 ஏப்ரலில் நெட் மீட்டரிங்கை மூடி நெட் பில்லிங்குக்கு மாறியது. வெளியே போகும் யூனிட்டின் மதிப்பு சராசரியாக முக்கால் பங்கு சரிந்தது. அங்கேயும் பழையவர்களுக்கு அவரவர் 20 வருடம் முடியும்வரை பழைய கணக்குதான். நெதர்லாந்தில் அப்படியில்லை. 2027 ஜனவரி 1 முதல் யூனிட்டுக்கு யூனிட் கழிக்கும் முறை எல்லாருக்கும் முடிகிறது, போன வருடம் போட்டவருக்கும் பத்து வருடம் முன்பு போட்டவருக்கும் சேர்த்துத்தான். அங்கே இத்தனை வருடம் என்று ஒவ்வொருவருக்கும் எழுதிக் கொடுத்த வாக்கு கிடையாது, பொதுவான விதி மட்டும் இருந்தது. விதி மாறியது, எல்லாருக்கும் மாறியது.

எழுதிக் கொடுத்ததையே மீறியவர்களும் உண்டு. ஸ்பெயின் 2007-இல் கவர்ச்சியான விலையை அறிவித்தது, பெரிய நிறுவனங்களோடு சாதாரணக் குடும்பங்களும் பணம் போட்டன. 2010 டிசம்பரில், வருடத்துக்கு இத்தனை மணி நேர உற்பத்திக்குத்தான் அந்த விலை என்று வரம்பு கட்டினார்கள், 2013-இல் அந்த முறையையே எடுத்துவிட்டார்கள். வெளிநாட்டு முதலீட்டாளர்கள் சர்வதேச நடுவர் மன்றங்களுக்குப் போனார்கள். உள்ளூர்க் குடும்பங்களுக்கு அந்த வழியும் இல்லை. அமெரிக்காவின் நெவாடா மாநிலம் 2015 டிசம்பரில் பழையவர்களையும் சேர்த்தே கணக்கை மாற்றியது. எழுந்த கூச்சலில் அடுத்த வருடமே பழையவர்களுக்குப் பழைய கணக்கைத் திருப்பிக் கொடுத்தது.

ஆக, நீங்கள் கேட்க வேண்டியது 'அரசு மாற்றுமா' என்பதையல்ல. என் கூரைக்கென்று வருடக்கணக்கோடு எழுதிய ஒப்பந்தம் இருக்கிறதா, இல்லை இன்றைய விதி இப்படி இருக்கிறது என்பது மட்டும்தானா? கம்பெனிக்காரரிடம் வாங்கும் உத்தரவாதம் இதற்கு உதவாது. மின் விநியோக நிறுவனம் உங்களோடு போடும் ஒப்பந்தத்தின் மாதிரிப் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். எத்தனை வருடம், வருடக் கடைசியில் மீதமிருக்கும் வரவு அடுத்த வருடத்துக்குப் போகுமா, சொற்ப விலைக்கு வாங்கிக்கொள்வார்களா, அப்படியே காலாவதியாகுமா, வீட்டை விற்றால் ஒப்பந்தம் வாங்குபவருக்குப் போகுமா, பின்னால் பேனல் சேர்த்தால் பழைய கணக்கு போய்விடுமா என்று பாருங்கள். கலிபோர்னியாவில் பழைய கணக்கில் இருப்பவர் 10 சதவீதம் அல்லது 1 கிலோவாட், இரண்டில் எது பெரிதோ அதற்கு மேல் சேர்த்தால் புதிய கணக்குக்குத் தள்ளப்படுவார்.

ஒப்பந்தம் எவ்வளவு பலமாக இருந்தாலும் ஒரு ஓட்டை இருக்கும். யூனிட் கணக்கைப் பாதுகாப்பார்கள், நிலைக்கட்டணத்தைப் பாதுகாக்க மாட்டார்கள். இணைப்பு வைத்திருப்பதற்காக மாதம் இவ்வளவு என்று வாங்குவதை யாருக்கும் தனியாகச் சொல்லாமல் ஏற்றிவிடலாம். யூனிட் பூஜ்யமானாலும் அது வரும். 'பில்லே வராது' என்று யாராவது சொன்னால் நிலைக்கட்டணம் எங்கே என்று கேளுங்கள். பல பேர் அங்கேயே பேச்சை மாற்றுவார்கள்.

நிலைக்கட்டணம் என்றதும் மைத்துனரின் இரண்டாவது புகாருக்கு வந்துவிட்டோம். அவர் சொல்வது புரளியில்லை. கம்பமும் டிரான்ஸ்ஃபார்மரும் பராமரிப்பும் பெரும்பாலும் யூனிட் விலைக்குள்ளேதான் ஒளிந்திருக்கின்றன. உங்கள் யூனிட் பூஜ்யமானால் அந்தப் பங்கு மற்றவர்கள் மேல் ஏறும், ஆனால் இரவில் அதே கம்பத்தைத்தான் நீங்களும் பயன்படுத்துவீர்கள். மறுபக்கமும் உண்டு. உங்கள் மாடியில் தயாராகி பக்கத்து வீட்டில் செலவாகும் மின்சாரத்துக்கு நெடுந்தூரக் கம்பி வேண்டாம், வழியில் இழப்பும் குறைவு. ஊரில் பத்துப் பேர் கூரையில் மட்டும் சோலார் இருக்கும்வரை இந்த இரண்டாவது வாதம் பலமாக இருக்கும். தெருவுக்குத் தெரு வந்து, மத்தியானம் எல்லாரும் ஒரே நேரத்தில் அனுப்ப ஆரம்பித்தால் முதலாவது பலமாகிவிடும். சலுகைகள் தொடக்கத்தில் தாராளமாக இருந்து பிறகு சுருங்குவதற்குக் காரணம் அதுதான். இதில் வஞ்சகம் பார்க்க வேண்டியதில்லை. சில அரசுகள் செய்யும் விதத்தில்தான் வஞ்சகம். ஸ்பெயின் 2015-இல் தன் வீட்டுக்குத் தானே தயாரிப்பவர் மேலேயே கட்டணம் போட்டது. 'சூரிய வரி' என்று மக்கள் பெயர் வைத்தார்கள், 2018-இல் அதை எடுக்க வேண்டியதாயிற்று.

மத்தியான நெரிசலுக்கு இன்னொரு விளைவும் உண்டு. 'அனுப்பாதே' என்றும் சொல்வார்கள். இலங்கையில் 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் தேவை படுத்துவிட்டதால், கூரை சோலாரைப் பகலில் நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபையே வேண்டுகோள் விடுத்தது. தெற்கு ஆஸ்திரேலியாவில் 2020 செப்டம்பர் இறுதியிலிருந்து புதிதாகப் போடும் கூரை சோலாரை அவசர நேரத்தில் வெளியிலிருந்தே நிறுத்த வழி இருக்க வேண்டும் என்பது விதி. ஜெர்மனியில் 2025 பிப்ரவரிக்குப் பின் புதிதாகப் போடுபவர்களுக்கு, சந்தையில் மின்விலை பூஜ்யத்துக்குக் கீழே போகும் நேரத்தில் அனுப்பும் யூனிட்டுக்குக் காசு கிடையாது.

இதையெல்லாம் வைத்து 6 கிலோவாட் பற்றி என் அபிப்பிராயம்: வேண்டாம். வீட்டில் நேரடியாகச் செலவாகும் யூனிட்டின் மதிப்பு, நீங்கள் மின்சாரத்துக்குக் கொடுக்கும் விலை. அதை எந்த அரசும் எளிதில் தொட முடியாது, தொட்ட ஸ்பெயினும் பின்வாங்கியது. மின்கட்டணம் ஏறினால் அதன் மதிப்பும் ஏறும். வெளியே போகும் யூனிட்டின் மதிப்பைத் தீர்மானிப்பவர் வேறொருவர். முதல் 3 கிலோவாட்டில் ஒரு பகுதி வீட்டுக்குள் நின்றுவிடும். அடுத்த 3 கிலோவாட் முழுக்க முழுக்க வெளியேதான் போகும். அதாவது அந்த இரண்டாவது பாதி முழுவதும் வாய்வார்த்தையை நம்பிப் போடும் பணம். பகலில் ஓடுகிற தொழில் ஏதாவது வீட்டிலேயே இருந்தால், அல்லது மின்சார வண்டியைப் பகலில் சார்ஜ் போடப்போகிறீர்கள் என்றால் மறுபடி எழுதுங்கள், அப்போது கணக்கு வேறு.

உங்கள் மின்கட்டண அட்டவணையையும் ஒருமுறை பாருங்கள். கூடுதலாகச் செலவழிக்கச் செலவழிக்க யூனிட் விலை ஏறும் முறையாக இருந்தால், சோலார் முதலில் வெட்டுவது உச்சிப்படியில் இருக்கும் விலை உயர்ந்த யூனிட்டைத்தான். பெரிய பில் கட்டும் வீட்டுக்கு அது நல்ல சேதி. குறைந்த பயன்பாட்டுக்கு அரசே மலிவாகவோ இலவசமாகவோ மின்சாரம் தரும் இடத்தில், சிறிய பில் கட்டும் வீட்டுக்குப் போட்ட பணம் திரும்பவே நெடுநாளாகும். இருவருக்கும் ஒரே 'ஐந்து வருடத்தில் முதல் திரும்பிவிடும்' வாசகத்தைத்தான் அச்சடித்துக் கொடுக்கிறார்கள்.

பொறுப்பதா, அவசரப்படுவதா? பேனல் விலை இறங்கலாம், ஆனால் அது இறங்கும்போது சலுகையும் கூடவே இறங்கும். அப்படித்தான் வடிவமைக்கிறார்கள். ஜப்பான் 1994-இல் தொடங்கிய வீட்டு மானியத்தை விலை குறையக் குறையச் சுருக்கிக்கொண்டே வந்து, பத்துப் பன்னிரண்டு வருடத்தில் நிறுத்தியது. எனவே விலைக்காகக் காத்திருப்பதில் பெரிய ஆதாயமில்லை. 'இந்த மாதம் கடைசி' என்பதற்கு, யார் சொன்ன கடைசி என்று கேளுங்கள். அரசு ஆணையில் உள்ள தேதியா, கம்பெனிக்காரரின் விற்பனைத் தேதியா? அரசுத் தேதிதான் என்றால், அந்தத் தேதிக்குள் என்ன நடந்திருக்க வேண்டும்? கலிபோர்னியாவில் 2023-இல் விண்ணப்பம் உள்ளே போயிருந்தால் போதும். அமெரிக்காவின் 30 சதவீத வரிக்கழிவுக்கு 2025 முடிவதற்குள் வேலையே முடிந்திருக்க வேண்டும். முன்பணம் கட்டிவிட்டு வேலை ஜனவரிக்குத் தள்ளிப்போனவருக்கு ஒன்றுமில்லை. உங்கள் விஷயத்தில் விண்ணப்பத் தேதியா, பேனல் ஏற்றிய தேதியா, மீட்டர் மாற்றிய தேதியா? மூன்றாவது என்றால் அது உங்கள் கையிலும் இல்லை, கம்பெனிக்காரர் கையிலும் இல்லை.

தேதியை அரசே கடைசி நேரத்தில் இழுத்ததும் நடந்திருக்கிறது. பிரிட்டன் 2011 அக்டோபர் கடைசியில், கூரை மின்சாரத்துக்குத் தரும் விலையைப் பாதியாக்கப் போவதாக அறிவித்து, டிசம்பர் 12 முதல் போடுபவருக்குப் புதிய விலை என்றது. கருத்துக் கேட்கும் அவகாசமே டிசம்பர் 23 வரை இருந்தது! நீதிமன்றம் அதைச் சட்டவிரோதம் என்றது. ஆறே வாரத்தில் அவசர அவசரமாக எத்தனை கூரைகளில் ஏறி எப்படியெப்படி மாட்டியிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றும் கூசும்.

கம்பெனிக்காரர் சொல்லாமல் விட்டிருக்கக்கூடிய இன்னொன்று: மின்வெட்டு நேரத்தில் சாதாரண கூரை சோலார் வேலை செய்யாது, உச்சி வெயிலிலும். கம்பியில் வேலை செய்கிற ஊழியருக்கு ஷாக் அடிக்கக்கூடாது என்பதற்காக இன்வெர்ட்டர் தானே அணைந்துகொள்ளும். வெட்டு நேரத்திலும் வேண்டுமென்றால் பேட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் வேண்டும். அது தனிச் செலவு.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு வாரம் எனக்காக ஒரு வேலை செய்யுங்கள். காலை 8 மணிக்கும் மாலை 5 மணிக்கும் இப்போதிருக்கும் மீட்டரைப் பார்த்து, இரண்டு எண்ணையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமையையும் விடாதீர்கள், வீட்டில் ஆள் இருக்கும் நாள் வேறு கணக்காக இருக்கும். காலைக்கும் மாலைக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் பகல் செலவு. ஏழு நாள் முடிந்ததும் அந்தத் தாளைக் கம்பெனிக்காரர் முன்னால் வைத்து, 'இதை வைத்து எனக்கு எத்தனை கிலோவாட் என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள்' என்று கேளுங்கள். மைத்துனரும் அப்போது பக்கத்தில் இருக்கட்டும்.